அறியாத மூச்சைத் தேர்ந்தெடுத்தல்

வாயின் கூரையும் மூக்கின் தரையும் ஒரே எலும்புத் தகட்டின் இரு முகங்கள். மேல்தாடையின் இடப்பாதியும் வலப்பாதியும் நடுக்கோட்டில் இணைந்து உருவாக்கும் வன்அண்ணம் கீழ்ப்புறத்தில் நாக்கு தங்கும் இடமாகவும் மேற்புறத்தில் மூச்சுக்காற்று கடந்துசெல்லும் தளமாகவும் அமைந்திருப்பதால், அது குறுகி உயர்ந்து வளர்ந்துவிட்ட சிலருக்குப் பற்கள் நெருக்கியடிப்பதோடு மூக்கின் உட்பகுதியும் ஒடுங்கிவிடுகிறது. அத்தகையோருள் சிலர் பகலில் வாயால் மூச்சுவிட்டும், இரவில் குறட்டையாலும் மூச்சுத்தடையாலும் உறக்கம் கலைந்தும், அதையே தம் இயல்பென்று எண்ணிப் பல ஆண்டுகள் வாழ்ந்துவிடுகின்றனர். பின்னர் நடுவயதில் அண்ணத்தை விரிக்கும் சிகிச்சையைப் பற்றி அறியவரும் ஒருவர் அதை மேற்கொள்வதா வேண்டாமா என்று எண்ணத் தொடங்கும்போது, அந்த எண்ணம் மருத்துவத்தோடு நின்றுவிடுவதில்லை. தாம் ஒருபோதும் நுகர்ந்திராத ஒரு நலத்தை, மீட்க முடியாத ஒரு மாற்றத்தை விலையாகக் கொடுத்து விரும்புவது அறிவுடைமையாகுமா என்பதே அதன் உள்ளே இருக்கும் மெய்யியல் கேள்வி.

இச்சிகிச்சையின் வரலாறு நீண்டது. சான் பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராக இருந்த எமர்சன் ஏஞ்செல், திருகாணி பொருத்திய கருவியொன்றால் 14 வயதுச் சிறுமியின் மேல்தாடையை விரித்ததை 1860-இல் எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் பலரும் நம்ப மறுத்த அம்முறைக்கு 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட கட்டுரை மறுவாழ்வு அளித்தது. சிறுவர்களிடம் இது எளிதாக நிகழ்வதற்குக் காரணம், அண்ணத்தின் இரு பாதிகளையும் சேர்க்கும் நடுப்பொருத்து அவ்வயதில் இன்னும் இறுகாமல் இருப்பதே. வளரிளம் பருவத்துக்குப் பின் அப்பொருத்தின் விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு படிப்படியாக இறுகுவதால், பற்களை மட்டும் பற்றிக்கொள்ளும் கருவியை வளர்ந்தவருக்குப் பொருத்தினால், எலும்பு விலகாமல் பற்கள் வெளிப்புறமாகச் சாய்வதும் ஈறு இறங்குவதும் நேரலாம். எனவே வளர்ந்தவர்களுக்கு, அறுவை சிகிச்சையால் எலும்பைத் தளர்த்திய பின் விரிக்கும் முறையும், அண்ணத்து எலும்பிலேயே நுண்திருகாணிகளை முடுக்கி அவற்றின் வலுவில் விரிக்கும் முறையும் கையாளப்படுகின்றன. பின்னது 2010-ஐ ஒட்டித் தென்கொரியாவிலிருந்து பரவலாக அறியப்பட்டது; அகவை கூடக்கூட அது பொருத்தைப் பிரிக்கும் வாய்ப்புக் குறைகிறது.

இதன் பயனைக் கணக்கிடுவதும் எளிதன்று. நேரான, வழுவழுப்பான குழாயில் சீராக ஓடும் பாய்மத்துக்கு உரிய விதியின்படி, குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே ஓட்டத்துக்கான தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சில மில்லிமீட்டர் விரிவின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கப்படுவதற்கு இதுவே அடிப்படை. ஆனால் மூக்கு அத்தகைய குழாயன்று. அதன் மிகக் குறுகிய இடம் நாசித்துளையை அடுத்து உள்ளே, பக்கச்சுவரும் நடுச்சுவரும் நெருங்கும் பகுதியில் உள்ளது; நடுச்சுவர் வளைந்திருப்பதும், உட்புறச் சுருள் எலும்புகளைப் போர்த்திய சதை ஒவ்வாமையால் வீங்குவதும் தனித்தனித் தடைகள். தொண்டையின் மென்தசை உறக்கத்தில் தளர்ந்து காற்றுவழியை அடைப்பதற்கோ உடற்பருமனும் தாடையின் நீளமும் நாக்கின் அளவும் காரணமாகலாம். ஆகவே அண்ணம் விரிந்தும் மூச்சு விரியாமல் போவது இயலாத ஒன்றன்று.

இந்நிலையில் முதலில் எழும் ஐயம், குறுகிய அண்ணத்தை நோய் என்று கொள்ளலாமா என்பது. அமெரிக்க மெய்யியலாளர் கிறிஸ்டோபர் பூர்ஸ் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓர் உறுப்பு தன் இனத்துக்கும் அகவைக்கும் பொதுவான அளவில் செயற்படுவதே உடல்நலம் என்றும், அவ்வளவிற்குக் கீழே தாழ்வதே நோய் என்றும் வரையறுத்தார். பிரான்சில் மருத்துவமும் மெய்யியலும் கற்ற ஜார்ஜ் கான்கியெம் 1943-இல் அளித்த ஆய்வேட்டில் வேறு வழியில் சென்றார்: சராசரியிலிருந்து விலகுவது மட்டுமே நோயாகிவிடாது, சூழல் மாறும்போது தனக்கெனப் புதிய நெறிகளை வகுத்துக்கொள்ளும் ஆற்றலே உடல்நலம், அந்த ஆற்றல் சுருங்குவதே நோய். முதற்கருத்தின்படி அண்ணத்தை அளவுகோலால் அளந்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம். இரண்டாவதன்படி, அதே அகலமுள்ள அண்ணத்தோடு நிம்மதியாக உறங்கி எழுபவர் நோயாளியல்லர். மலையேறவும் சளிப்பிடித்த இரவைக் கடக்கவும் இயலாமல் வாழ்வின் எல்லையைக் குறுக்கிக்கொண்டவரே நோயாளி. வளர்ந்தவரின் தேர்வுக்கு இக்கருத்தே நெருக்கமானது. ஏனெனில் அவர் மருத்துவரிடம் செல்வது அளவு குறைந்ததற்காக அன்று, வாழ்க்கை குறுகியதற்காக.

ஆனால் குறுகிய வாழ்க்கையையே அறிந்தவர் அகன்ற ஒன்றை எவ்வாறு மதிப்பிடுவார் என்னும் கேள்வி எஞ்சுகிறது. எல்.ஏ.பால் என்னும் மெய்யியலாளர், 2014-இல் வெளிவந்த தம் நூலில், சில அனுபவங்கள் நிகழ்ந்த பிறகே அவற்றின் தன்மை விளங்கும் என்றும், அவை விரும்புபவரின் விருப்பங்களையே மாற்றிவிடக் கூடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே எடைபோட இயலாது என்றும் வாதிட்டார். பிறவியிலேயே அடைத்த மூக்கோடு வாழ்ந்தவருக்குத் தடையற்ற மூச்சு அத்தகைய அனுபவமே. எனினும் இங்கே அறியாமை முழுமையானதன்று. மூக்கைப் புறத்திலிருந்து விரித்துப் பிடிக்கும் ஒட்டுப்பட்டையும், வீக்கத்தைச் சிறிது நேரம் வடியச் செய்யும் மருந்தும், சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியதும் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்துவைப்பதுமான சீபாப் கருவியும், விடுபட்ட மூச்சு எவ்வாறிருக்கும் என்பதன் ஒரு பகுதியை முன்னதாகவே உணர்த்துகின்றன. அவை கழற்றவோ நிறுத்தவோ கூடியவை என்பதே அவற்றின் மெய்யியல் மதிப்பு. மீட்கத்தக்கவற்றை முயன்று பார்க்காமல் மீட்க முடியாததை நாடுவது அறியாமையை வேண்டுமென்றே காத்துக்கொள்வதாகும்.

உடலை உள்ளபடி ஏற்பதே அறம் என்னும் சமய நோக்கிலிருந்து எழும் தடையும் ஆராயத்தக்கது. பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான சதிபட்டான சுத்தம், நெடுமூச்சை நெடுமூச்சென்றும் குறுமூச்சைக் குறுமூச்சென்றும் அறிந்திருக்கப் பணிக்கிறது. மூச்சை நீட்டச் சொல்வதில்லை. திருமூலரின் திருமந்திரமோ மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தை விளக்குகையில், மூச்சை அளந்து அடக்கி ஆளும் பயிற்சியைப் போற்றுகிறது. முன்னதை ஏற்பின் நெறியாகவும் பின்னதை மாற்றத்தின் நெறியாகவும் பிரித்துவிட்டால், இருக்கும் மூச்சோடு அமைதி கொள்வதே ஆன்மிகம் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். ஆனால் பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலாகிய விநயத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதி அம்முடிவுக்கு இடந்தரவில்லை. தலையில் வெப்பம் மிகுந்து வருந்திய பிலிந்தவச்சர் என்னும் துறவிக்கு முதலில் தலைக்கு எண்ணெயும், அது போதாமையால் மூக்கு வழியான மருத்துவமும், எண்ணெய் சிந்தியதால் அதை ஊற்றும் கரண்டியும், இரு துளைகளிலும் சமமாக ஊற்ற இரட்டைக் கரண்டியும், ஒன்றன்பின் ஒன்றாக அனுமதிக்கப்பட்டதாக அப்பகுதி கூறுகிறது. மூச்சை உள்ளபடி அறியச் சொன்ன அதே மரபு, மூக்கின் வழியான மருந்தையும் மறுக்கவில்லை. உள்ளதை அறிவது வேறு, உள்ளதற்குப் பணிந்துவிடுவது வேறு. மேலும், சிறியதில் தொடங்கி அது போதாதபோது மட்டும் அடுத்ததற்குச் செல்லும் ஒழுங்கு இங்கே கவனிக்கத்தக்கது.

இவ்வொழுங்குக்கு அளவுகோல் தருவது திருக்குறளின் மருந்து அதிகாரம். நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே கற்ற மருத்துவர் செயற்பட வேண்டும் என்று அது கூறுகிறது. அண்ண விரிவுக்கு இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. நோயின் அளவை அறிய, உறக்கத்தில் ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை தடைப்படுகிறது அல்லது குறைகிறது என்று எண்ணும் உறக்க ஆய்வும், தடை எங்கே இருக்கிறது என்று காட்டும் மூக்குப் பரிசோதனையும் உள்ளன. காலத்தை அறிய, நடுப்பொருத்து எந்த அளவுக்கு இறுகியுள்ளது என்று காட்டும் முப்பரிமாண சி.டி. ஸ்கேன் உதவுகிறது. நோயுற்றவரின் அளவை எந்தக் கருவியும் காட்டுவதில்லை. ஈறும் எலும்பும் தாங்கும் வலிமை மட்டுமன்றி, களைப்பு, மறதி, மனச்சோர்வு, தோல்வி என வாழ்வின் குறைகள் அனைத்தையும் ஒரே எலும்பின்மேல் ஏற்றிவிடும் அவாவும் அதனுள் அடங்கும். துன்பத்துக்கு ஒரே காரணம் கிடைப்பது ஆறுதல் தருவதாலேயே அக்காரணத்தை இரட்டிப்பு ஐயத்தோடு அணுக வேண்டியிருக்கிறது.

இச்சிகிச்சைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவை சிகிச்சையில் ஒருமுறை கையெழுத்திட்டபின் முடிவு மருத்துவரின் கைக்குப் போய்விடுகிறது. விரிப்புக் கருவியிலோ திருகாணியை நாள்தோறும் சாவியால் திருப்புபவர் பெரும்பாலும் நோயாளியே. ஒவ்வொரு திருப்பமும் ஒரு மில்லிமீட்டரின் காற்பங்கோ அதற்குக் குறைவோதான். ஆனால் ஒருநாள் மேல் முன்பற்களுக்கிடையே இடைவெளி தோன்றும்போது பொருத்து பிரிந்துவிட்டது தெரிகிறது, பிறகு அவ்விடத்தில் புதிய எலும்பு நிரம்பப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு தானியம் குவியலாகாது, ஒன்றைக் கூட்டுவதாலும் குவியலாகாது எனில் குவியல் எப்போது உண்டாயிற்று என்று மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் பழைய கிரேக்கப் புதிர் இங்கே உடலில் நிகழ்கிறது. எந்தத் திருப்பமும் தனியே பெரிதாகத் தோன்றாததால், இன்னும் சிறிது விரித்தால் மூச்சு வந்துவிடும் என்னும் எண்ணத்துக்கு இயல்பான முடிவில்லை. ஆதலால் எவ்வளவு விரிப்பது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவது, எதைப் பயனென்று கொள்வது என்பவற்றை முதல் திருப்பத்துக்கு முன்பே மருத்துவரோடு வரையறுத்துக்கொள்வது சிகிச்சையின் துணைக்கூறன்று, அதுவே தேர்வு.

இவ்வாறு பார்க்கும்போது, அறியாத மூச்சை விரும்புவது அறிவுக்கு முரணானதாகத் தோன்றவில்லை. அதற்கு அளவு வகுக்காமல் விரும்புவதே முரண். எளியவற்றை முதலில் முயன்று, காரணம் அண்ணத்தில்தான் உள்ளது என்று ஆராய்ந்து, நிறுத்தும் இடத்தைக் குறித்துக்கொண்டு சிகிச்சையை ஏற்றவருக்கு எதிர்பார்த்த பயன் கிட்டாமல் போனாலும் அவர் தவறாகத் தேர்ந்தவராகமாட்டார். அவ்வாறே ஆராய்ந்து, வேண்டாம் என்று விலகி, இரவுதோறும் சீபாப் முகமூடியை அணிபவரும் கோழையாகமாட்டார். இருவரும் தத்தம் உடலை விதி என்று விட்டுவிடவும் இல்லை, விரும்பியபடி வளையும் களிமண் என்று கருதவும் இல்லை. மறுபுறம், யாதொரு வரையறையுமின்றி விரித்து நற்பேறாக நன்மை பெற்றவர் பெற்றது நலமேயாயினும், அதை அவர் தேர்ந்து அடைந்தார் என்று சொல்வதற்கில்லை.