முடி சுருளட்டும், முதுகு நிமிரட்டும்!

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு நடந்த காலத்தில் மனிதர்களின் தலையெழுத்தை ஒரு பென்சில் எழுதியது. பென்சிலை எடுத்துத் தலைமுடிக்குள் செருகுவார்கள். குனி, தலையை ஆட்டு என்பார்கள். வழுக்கி விழுந்தால் வெள்ளையன். சிக்கி நின்றால் வெள்ளையன் இல்லை. முடிந்தது விசாரணை! ஒவ்வொருவரும் இன்ன இனம் என்று முத்திரை குத்தச் சொன்னது 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் சேரலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த முத்திரையைப் பொறுத்தது.

சாண்ட்ரா லேங் என்ற சிறுமிக்கு அப்போது பத்து வயது. அப்பா, அம்மா இருவரும் வெள்ளையர். இவளுக்கு மட்டும் பழுப்பு நிறம், நெருக்கமாகச் சுருண்ட முடி. 1966இல் போலீஸை வரவழைத்து விடுதிப் பள்ளியிலிருந்து அவளை வெளியே அனுப்பினார்கள். அரசு அவளைக் ‘கலப்பினம்’ என்று மாற்றி எழுதியது. அப்பா விடாமல் போராட, அடுத்த ஆண்டே மறுபடி ‘வெள்ளை’ என்று திருத்தி எழுதியது. இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் தலையில் ஒரு சுருள்கூட மாறவில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள். மாறியதெல்லாம் காகிதம். முடி அப்படியேதான் இருந்தது. உன்னை அழகில்லை என்று சொன்னவன், ஒழுங்கில்லை என்று சொன்னவன், ‘இந்தத் தலையோடு வேலைக்கு வராதே’ என்று சொன்னவன் எல்லாருமே கையில் ஒரு பென்சிலோடு நிற்கிறார்கள். அந்தப் பென்சிலுக்கு ஏன் தலை குனிகிறாய்?

‘பரட்டை’, ‘குருவிக்கூடு’, ‘சாய்பாபா முடி’ என்று கேலி கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு. ஆனால் முடிக்காகச் சட்டத்திடமே அடி வாங்கியவர்கள் கறுப்பின மக்கள். நிமிர்ந்து நிற்கக் கற்க வேண்டுமா, அவர்களிடம் போ. அவர்கள் வெறும் வாய்வீரம் பேசவில்லை. முதலில் கையில் தொழில் கற்றார்கள்.

1786இல் அமெரிக்காவின் லூசியானா, ஸ்பெயின் ஆட்சியின் கீழ் இருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் முடியை விதவிதமாக அலங்கரித்து, இறகும் நகையும் சூடி நடந்தார்கள். அது வெள்ளைச் சீமாட்டிகளின் கண்ணை உறுத்தியது. ஆளுநர் எஸ்தபான் மிரோ ஆணை போட்டார்: இறகு கூடாது, நகை கூடாது, முடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும். அந்தப் பெண்கள் கட்டினார்கள். எப்படி? பளபளக்கும் வண்ணத் துணியெடுத்து, உயர உயர மடித்து, முடிச்சுக்கு முடிச்சு ஒரு புது அழகு வைத்துக் கட்டினார்கள். அவமானச் சின்னமாக வந்தது ஊர் வியக்கும் மோஸ்தராகிவிட்டது. அந்தத் தலைக்கட்டுக்குப் பேர்போன துணி எது தெரியுமா? மதராஸ் கட்டத்துணி. நம் தறியில் பிறந்து, நம் ஊர்ப் பெயரோடே கடல் தாண்டிய பருத்தி!

இப்போது முடியைப் பற்றி. ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அதை நேசிக்க முடியாது.

நேர்முடி வட்டமான குழலிலிருந்து நேரே மேலே வருகிறது. நெருக்கச் சுருள் முடியின் வேர்ப்பையே வளைந்திருக்கும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான நீள்வட்டம். வளைந்து பிறந்து, வளைந்தே வளர்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் இந்தச் சுருளில் இறங்கி நுனிவரை வருவது பெரும்பாடு. அதனால்தான் இந்த முடி சீக்கிரம் வறண்டுபோகிறது. ஒவ்வொரு வளைவும் முறிவதற்குத் தோதான இடம். ‘முரட்டு முடி’ என்று பெயர் வாங்கியது உண்மையில் மிகவும் மென்மையாகக் கையாள வேண்டிய முடி. முரடு அதை வாரிய கையில்தான் இருந்தது.

எதற்காக இப்படி ஒரு முடி? 2023இல் டினா லசிசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெப்பத்தை அளக்கும் பொம்மை ஒன்றின் தலையில் மனித முடியாலான விக்குகளை மாற்றி மாற்றி வைத்து, மேலே விளக்குகளால் வெயிலடிக்க வைத்துப் பார்த்தார்கள். நேர்முடி, அலைமுடி, நெருக்கச் சுருள் மூன்றுமே வெயிலைத் தடுத்தன. ஆனால் தலைக்குள் சூடு இறங்காமல் காப்பதில் நெருக்கச் சுருளை மற்ற இரண்டும் நெருங்க முடியவில்லை. ஆப்பிரிக்க வெயிலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய ஆதி மனிதனின் மூளைக்கு இயற்கை பிடித்த குடை இது. இதையா நீ குறை என்று ஒளித்து வைக்கிறாய்?

அந்தக் குடையை மடக்கத்தான் இவ்வளவு காலமாக எத்தனை பாடு! ரிலாக்சர் என்று விற்கும் களிம்பு பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. காஸ்டிக் சோடா என்றால் சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். முடிக்கு உருவம் தரும் கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கிறது, முடி நேராகிறது. கொஞ்சம் கூடுதலாக வைத்தால் தலைத்தோலும் வெந்துபோகிறது. வேரிலிருந்து வளர்வது மறுபடியும் சுருள்தான். எனவே சில வாரங்களுக்கு ஒரு முறை மறுபடி களிம்பு, மறுபடி எரிச்சல். 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று வந்தது. 33,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கவனித்த ஆய்வு. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்று வருவோர் 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, தொடர்பைக் காட்டியது. எனக்கு அதுவே போதும். தெரிந்தே ஒருத்தி ஆசைப்பட்டு நேராக்கிக்கொண்டால் அது அவள் இஷ்டம். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஆனால் வேலை போய்விடுமே என்று பயந்து தலையை வேகவைத்துக்கொள்கிறவளின் ‘இஷ்டத்தை’ இஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயம் கற்பனையும் இல்லை. 2010இல் அலபாமாவில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டு, அவருடைய திரிசடையை வெட்டச் சொன்னார்கள். முடியாது என்றார். வேலை பறிபோனது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 2016இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. நிறத்தை மாற்ற முடியாது, முடி அலங்காரத்தை மாற்றலாம், எனவே இது இனப்பாகுபாடு ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் வாதம். மூன்றே ஆண்டில் காற்று திரும்பியது. 2019 ஜூலையில் கலிபோர்னியா, முடியின் தன்மையைக் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று ‘கிரௌன்’ சட்டம் கொண்டுவந்தது. அதே மாதம் நியூயார்க். பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. தோற்றவள் தோற்ற இடத்திலிருந்துதான் அடுத்தவர்களின் வெற்றி கிளம்பியது. ஆகவே சட்டம் வரட்டும் பிறகு நிமிர்கிறேன் என்று காத்திருக்காதே.

சரி, வீரவசனம் போதும். கை வேலைக்கு வா. தன்னம்பிக்கையை மேடையில் கைதட்டி வாங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் குளியலறை வாசலில் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் அதை முடி அலசும் நாள் என்கிறார்கள். அரை நாள் ஓடிவிடும்.

முதலில் முடியை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடு. காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே வைக்காதே. இந்த ஒரு விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது. ஒரு பாகத்தை அவிழ்த்துத் தண்ணீர் தெளி. கண்டிஷனரைத் தாராளமாகப் பூசு. விரலால் சிக்கைத் தேடு. சிக்கு அகப்பட்டதும் இழுக்கத் துடிக்கும் கையைக் கட்டுப்படுத்தி, இழை இழையாகப் பிரி. பிறகு அகலப்பல் சீப்பு. அதையும் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, வேரில் முடி. வேரிலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கிறவர்கள்தான் ‘இந்த முடி கொட்டுகிறது’ என்று பிறகு புலம்புகிறவர்கள். ஷாம்பு தலைத்தோலுக்கு, நுனியில் போட்டுத் தேய்க்காதே. அலசியதும் டவலால் பரபரவென்று துவட்டாமல், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடு.

ஈரம் இருக்கும்போதே கிரீம், அதன்மேல் எண்ணெயோ ஷியா வெண்ணெயோ. ஷியா என்பது மேற்கு ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையிலிருந்து கானா, புர்கினா பாசோ பக்கத்துப் பெண்கள் கடைந்தெடுக்கும் கொழுப்பு. ஜமைக்காக்காரர்கள் வறுத்த ஆமணக்கு எண்ணெயை நம்புகிறார்கள். நம் பாட்டியின் விளக்கெண்ணெய்தான், கொஞ்சம் கறுத்தது. எதுவானாலும் எண்ணெய் ஈரமாகாது. ஈரம் தருவது தண்ணீர். எண்ணெய் அதை உள்ளே பூட்டி வைக்கும். காய்ந்த முடியில் எண்ணெயை அப்பிவிட்டு மென்மையாகவில்லையே என்று கேட்டால் முடி என்ன செய்யும்?

பிறகு இரண்டிரண்டு இழையாக முறுக்கிவிடு. இரவில் சாட்டின் துணியைக் கட்டிக்கொள், அல்லது சாட்டின் தலையணை உறை போடு. பருத்தி உறை ஈரத்தையும் உறிஞ்சும், உராய்ந்து முடியையும் முறிக்கும். பின்னல் போடுகிறவரிடம் தைரியமாகச் சொல், ‘கொஞ்சம் தளர்த்துங்கள்’ என்று. நெற்றியோரம் வலித்தாலோ, சிறு கொப்புளம் கிளம்பினாலோ பின்னல் இறுகிவிட்டது என்று பொருள். அந்த இழுவை தொடர்ந்தால் ஓரத்து முடி திரும்பியே வராமல் போகலாம். அழகுக்காக வலி பொறுக்கச் சொல்கிற யாரையும் நம்பாதே.

‘என் முடி வளரவே மாட்டேன் என்கிறது’ என்பாய். வளர்கிறது! ஈரமான சுருளை மெதுவாக இழுத்துப் பார், தோளுக்கு வரும். விட்டால் காதுக்கு ஏறிவிடும். உள்ள நீளத்தில் பாதிக்கும் மேல் சுருங்கிக் காட்டுவது இந்த முடியின் சுபாவம். ரிலாக்சரை விட்டுவிட்டுத் திரும்புகிறவளுக்கு இன்னொன்று: நேராக்கிய பகுதி மறுபடி சுருளாது. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் முடி சுலபமாக ஒடியும். பொறுமை இருந்தால் நுனியை மாதாமாதம் வெட்டிக்கொண்டே வா. இல்லையென்றால் ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடு. அவர்கள் அதைப் ‘பெரிய வெட்டு’ என்கிறார்கள்.

இடையில் ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் ஓப்ரா வின்ஃப்ரேயின் முடி அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் முடியை 1 முதல் 4 வரை வகை பிரித்தார். பிறகு அதற்கு ஏ, பி, சி என்று உட்பிரிவு. எந்த முடிக்கு எந்தக் கவனிப்பு என்று அறிய அது உதவும். ஆனால் 3க்காரி 4சிக்காரியைக் கீழாகப் பார்க்கத் தொடங்கினாளே, அங்கேதான் எனக்குக் கொதிக்கிறது. தளர்ந்த சுருள் என்றால் ‘அழகான இயற்கை முடி’, இறுகிய சுருள் என்றால் மறுபடி ‘முரடு’. பென்சிலைப் பிடுங்கியவர்கள் கையிலேயே பென்சில்! நேர்முடிக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்தா உன் முடிக்கு மதிப்புப் போடுவாய்?

அந்த நேர்முடிதான் எங்கிருந்து போகிறது? திருப்பதியிலும் பழநியிலும் மொட்டையடித்துச் செலுத்தும் காணிக்கை முடியை ஏலம் விடுகிறார்கள். அது சுத்தமாகி, தரம் பிரிந்து, விக்காகவும் ஒட்டுமுடியாகவும் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிறது. இங்கே ஒருத்தி அகந்தை ஒழியட்டும் என்று இறக்கிய முடியை, அங்கே ஒருத்தி அது இருந்தால்தான் மதிப்பு என்று சம்பளத்தைக் கொட்டி வாங்குகிறாள். பிடித்து வைத்துக்கொண்டால் தப்பில்லை. அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி பார்க்கக் கூசினால், அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்து யாரோ உன்னிடம் காசு வாங்கிவிட்டான்.

ஜோசிபினி துன்சியைப் பார். 2019 டிசம்பரில் அட்லாண்டாவில் பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்ற தென்னாப்பிரிக்கப் பெண். விக் வைத்துக்கொள் என்று வேண்டியவர்களே சொல்லியும் கேட்காமல், ஒட்ட வெட்டிய தன் சொந்தச் சுருளோடு மேடையேறினார். பென்சில் விழாவிட்டால் மனிதனே இல்லை என்ற நாட்டிலிருந்து! அவருக்கு மூன்றாண்டு முன்பு, 2016 ஆகஸ்டில், பிரிட்டோரியாவின் பெண்கள் பள்ளி ஒன்றில் மாணவிகள் கொதித்தெழுந்தார்கள். ஆப்ரோ முடி அலங்கோலமாம், நேராக்கிக்கொண்டு வர வேண்டுமாம். சுலைக்கா படேல் என்ற 13 வயதுப் பெண், தலை நிறைய ஆப்ரோவோடு, இரு முஷ்டிகளையும் தலைக்குமேல் குறுக்காக உயர்த்தி ஆயுதம் தாங்கிய காவலர்கள் முன் நின்றாள். படம் உலகைச் சுற்றியது. மாகாணக் கல்வி அமைச்சர் ஓடி வந்தார். முடி பற்றிய விதியை நிறுத்தி வைத்தார்கள்.

பதின்மூன்று வயது! உனக்கு என்ன வயது?

கடைசியாக, பிள்ளையை மடியில் இருத்திச் சிக்கெடுக்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும். ‘என்ன முடியடி இது, சனியன்’ என்று அலுப்பில் ஒரு வார்த்தை விழுமே, அதை இந்த ஞாயிறு முதல் நிறுத்துங்கள். கை வலித்தால் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கண்டிஷனர் போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் எடுங்கள். ‘பிள்ளையின் முடியை ஒழுங்காக வாரி அனுப்பவும்’ என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால், நடுங்கிக்கொண்டு பார்லருக்கு ஓடாதீர்கள். அலசிப் பின்னிய தலையோடு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போங்கள். எந்த விதி, எந்தப் பக்கம், எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் ஒரு நகல் வாங்கிக்கொண்டு, அதை மாற்றச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து மனு எழுதுங்கள். பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.