பங்கிடும் கருவிக்கு அறம் தெரியுமா?

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்றாலே இரயில் நிலையமும் அதற்கு எதிரிலுள்ள பேருந்து நிலையமும் நினைவுக்கு வரும். அந்த இரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் ஓடுவதை அங்கு வந்திறங்கும் பயணிகளில் பலர் அறியமாட்டார்கள். 2024 ஜூலையில், அதில் அடைத்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் அவரது உடல் கிடைத்தது. உடனே எழுந்த வாதம், 'கால்வாய் யாருடைய பொறுப்பு?' என்பது. இரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டின.

எல்லோருக்கும் பொதுவான ஒன்று, எவருடைய பொறுப்பும் இல்லாததாக மாறிவிடுவது ஏன்? 'சரியான கணக்கு இல்லாததே காரணம்' என்பது இன்று பரவலாகக் கூறப்படும் விடை. நீரோ, மின்சாரமோ, யார் எவ்வளவு தந்தார், எவ்வளவு எடுத்தார் என்பதைக் கணினி நொடிக்கு நொடி பதிவு செய்தால் பூசலுக்கு இடமிருக்காது என்கிறார்கள். இந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை உண்டா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

கணக்கு கற்பிப்பது

குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் சூரிய சக்தி பம்புகளை அமைத்துக் கூட்டுறவுச் சங்கமாக இணைந்தனர். பாசனத்திற்குப் போக எஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என்ற விலையில் மின் விநியோக நிறுவனத்திற்கு விற்றனர். நிலத்தடி நீரைச் சேமிப்பதற்காக ஆய்வு நிறுவனம் ஒன்று தனியே ஊக்கத்தொகையும் வழங்கியது. வெயில் இலவசம் என்பதற்காக நாளெல்லாம் நீரை இறைக்கத் தேவையில்லை. இறைக்காமல் விட்டாலும் வருமானம் உண்டு. புலனடக்கத்தை நாம் உபதேசத்தால் கற்பிக்க முயல்கிறோம். இங்கே ஒரு மின்மானி அதைக் கற்பித்தது!

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பம்பு இல்லாத அண்டை வயல்காரர் இவர்களிடம் நீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்பவராக இருக்கலாம். மின்சாரத்தை விற்பதே லாபம் என்றானால் அவரது பயிர் என்னவாகும்? மின்மானி யூனிட்டுகளை எண்ணும். அந்த மனிதரை எண்ணாது. அவரையும் கணக்கில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்களே.

லக்னோவில் 2020-ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையில், ஒரு வீட்டின் கூரையில் விளைந்த மின்சாரத்தை இன்னொரு வீட்டார் கணினி வழியாக நேரடியாக வாங்க வழி செய்யப்பட்டது. வியத்தகு முயற்சி. ஆனால் அண்டை வீட்டாருடன் விற்பதும் பகிர்வதும் ஒன்றல்ல. நோயாளி இருக்கும் வீட்டிற்கு விலையில்லாமல் மின்சாரம் தர ஒருவர் விரும்பினால், அதற்கான வழி கருவியில் இருக்கிறதா? வடிவமைப்பவர் அதை எண்ணிப் பார்க்காவிட்டால் ஈகைக்கு அங்கே கதவே இராது.

நீர்க்கட்டியின் நடுநிலை

'மனிதர் பாரபட்சம் காட்டுவார். இயந்திரம் காட்டாது' என்று சிலர் கூறலாம். இயந்திரத்திற்கு ஆசை இல்லை என்பது உண்மையே. ஆனால் எதை எண்ணுவது, எதை விடுவது, பற்றாக்குறையில் யாருக்கு முதலில் தருவது என்ற முடிவுகள் அதை ஆக்கியவருடையவை. அவரது பாரபட்சம் இயந்திரத்தின் நடுநிலைக்குள் மறைந்துகொள்ளும்.

தமிழகத்து ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்பவர் இருந்தார். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். மடையைத் திறந்து, முறை வைத்து, வயல்தோறும் நீர் பாய்ச்சுவது அவரது கடமை. அதற்காக அறுவடையின்போது நெல் பெறுவார். பெரும்பாலும் அவருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இருப்பதில்லை. சொந்த வயல் இல்லாததால் அவரது பங்கீட்டை ஊர் நம்பியது. தவறு நேர்ந்தால் நேரில் கேட்கவும் முடிந்தது.

கருவி செய்வோருக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பங்கிடுபவர் பங்கில் லாபம் தேடுபவராக இருத்தல் கூடாது. கணக்கு அனைவரும் பார்த்து, புரிந்து, மறுத்துப் பேசக் கூடியதாக இருக்க வேண்டும். எழுத்தறியாத மூதாட்டியும் 'என் பங்கு குறைந்தது ஏன்?' என்று கேட்டு விடை பெற இயல வேண்டும்.

ஆனால் மூன்றாவது பாடமே நம்மை வருத்த வேண்டியது. ஊருக்கெல்லாம் நீரைப் பங்கிட்ட அந்த மனிதருக்கு, நீர் பாய்ச்சத் தமக்கென ஒரு வயல் இல்லை. அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவரது நடுநிலையை நாம் போற்றினோம். அந்த நடுநிலை அவரது இல்லாமையிலிருந்து வந்தது என்பதை மறந்தோம்.

தம்பானூரில் கால்வாய்க்குள் இறங்கியவரும் அத்தகையவரே. நகரம் முழுவதும் எறிந்ததை அவர் ஒருவர் சுமக்க நேர்ந்தது. பொதுவளத்திற்கு ஒரு கருவியை அமைக்க முற்படுவோர், பயனாளிகளின் பட்டியலை எழுதுவதற்கு முன்பு, அதன் சுமையைத் தாங்குபவர்களின் பட்டியலை எழுத வேண்டும். கருவியைப் பயன்படுத்தும் நாமும் நம் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பங்கு நம்மை வந்தடைய உழைத்தவர் யார் என்று கேட்கப் பழக வேண்டும்.