யானை மேல் அரசனும் பெருமாளும்

முகலாய ஓவியத்தில் பேரரசர் யானை மேல் வருவது வெறும் பவனி அன்று. அரசன் இறைவனின் நிழல் என்பது அந்த அரசவையின் கொள்கை. 1561இல் ஆக்ராவில் ஹவாயி என்ற முரட்டு யானை மேல் ஏறிய அக்பர், படகுப் பாலத்தின் மேல் இன்னொரு யானையைத் துரத்தினார். அக்பர்நாமா ஓவியத்தில் படகுகள் அமிழ்கின்றன, ஆட்கள் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். அக்பர் மட்டும் கலங்காமல் அமர்ந்திருக்கிறார். தன் செயல் இறைவனுக்கு ஏற்புடையது இல்லை என்றால் யானையே தன் கதையை முடிக்கட்டும் என்று எண்ணி ஏறியதாக அவர் பின்னாளில் சொன்னார் என்கிறார் அக்பர்நாமாவை எழுதிய அபுல் ஃபசல். 1707இல் ஔரங்கசீப் மறைந்தபின் ஆட்சி தளர்ந்தது. முகம்மது ஷாவின் (1719–1748) படங்களில் அரசன் தலையைச் சுற்றிய ஒளிவட்டம் மட்டும் தளரவில்லை.

அதே காலத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732). ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் அவரும் குடும்பத்தாரும் நகைநட்டோடு ஆளுயரச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். அங்கே யானை வாகனத்தில் எழுந்தருள்பவர் அரசர் அல்லர், கோயிலின் உற்சவரான நம்பெருமாள். கோயில் யானைக்கும் வேறு வேலை: ஐப்பசியில் அம்மா மண்டபத்துறையிலிருந்து தங்கக் குடத்தில் திருமஞ்சனக் காவிரி நீர் அதன் மேல்தான் வரும்.

ஸ்ரீரங்கம் பின்பற்றும் ராமாநுஜ சித்தாந்தத்தில் உயிர்கள் அனைத்தும் சேஷம் (உடைமை), இறைவன் ஒருவனே சேஷி (உடையவன்). அரசனும் அவன் உடைமைதான். கைசிக ஏகாதசியன்று கோயிலில் கைசிக புராணம் வாசித்து முடிந்தபின் வந்துசேர்ந்த நாயக்கர், அடுத்த கைசிகம் வரை ஓராண்டு ஸ்ரீரங்கத்திலேயே காத்திருந்தார் என்பது கோயில் வழக்கில் வரும் கதை.

இதை வெறும் பணிவு என்று கொள்வது அப்பாவித்தனம். பெருமாளின் அடியவன் என்ற பெயர் படைபலத்தால் கிடைக்காத செல்வாக்கைத் தரும். காத்திருந்த கதையும் அரசனின் புகழைத்தான் பாடுகிறது. ஆனாலும் முகலாயக் கொள்கையும் இந்த அடியவன் கொள்கையும் ஒன்றல்ல. யானையை அடக்கியதால் இறையருள் உண்டு என்றால், அடக்க முடியாத நாளில் அருளும் போய்விட்டதாகவே ஆகும். தோற்ற அரசனின் ஒளிவட்டத்துக்கு அந்தக் கொள்கையில் பதில் இல்லை. அடியவனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நாடு போனாலும் அடிமை போகாது. விஜயரங்கருக்குப் பின் ராணி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்து, திருச்சி சந்தா சாகிப்பிடமும் பிறகு ஆற்காட்டு நவாபிடமும் போய், 1801இல் ஆங்கிலேயக் கும்பினி வசமானது. கைகூப்பிய அந்தச் சிலையின் பொருள் இதில் எதனாலும் பொய்யாகவில்லை.