தாமதமும் அறமும்

மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைக் கடக்க ஓடமே துணை. பாரம் மிகுந்தபோது ஒருவரை ஏறவிடாது தடுக்க ஓடக்காரனுக்கு உரிமையுண்டு. ஆயின், மறுமொழி ஏதும் கூறாது அவரைக் கரையிலேயே நிறுத்திவைக்க உரிமையுண்டோ? வைத்தியப் பதிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போரை எண்ணும்போதும் இவ்வினாவே எழுகின்றது.

1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டப்படி, இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெறாதார் மேலைத்தேய வைத்தியம் புரியலாகாது. வெளிநாட்டிற் பட்டம் பெற்றோர் சபையின் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும். இதிற் குறைகாண்பதற்கில்லை. வைத்தியரின் தகுதியை நோயாளி தானே அளத்தல் இயலாது. அவர்பொருட்டு அளப்பது சபையின் கடமை. அதற்கு வேண்டிய காலம் நியாயமான காலமே.

எனினும், ஆராய்வதால் நேரும் தாமதம் வேறு; வாளாவிருப்பதால் நேரும் தாமதம் வேறு. மறுப்புக்குக் காரணம் கேட்கலாம். அக்காரணத்தை எதிர்த்து வாதிடலாம். மௌனத்தை எதிர்த்து யாது வாதிடுவது?

மறுப்பை எதிர்த்தோரும் காலத்தை இழந்தனர். மாலபேயில் இயங்கிய சைட்டம் தனியார் நிறுவனத்தின் மருத்துவப் பட்டதாரிகளைப் பதிவுசெய்யச் சபை இணங்கவில்லை. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தற்காலிகப் பதிவு வழங்குமாறு பணித்தது. 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. இடையிற் கழிந்த இருபது மாதங்களை எத்தீர்ப்பும் மீட்டுத்தரவில்லை.

மறுமொழியே பெறாதவருக்கும் சட்டத்தில் வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி தம் விண்ணப்பத்தின் நிலையை அவர் வினவலாம். அவ்வினாவுக்கு 14 வேலைநாட்களுள் முடிவு கூறப்படல் வேண்டும். அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ், கடமையைச் செய்யுமாறு பணிக்கும் எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் கோரலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும். காக்கவைக்கப்பட்டவர் தாம் காலந் தாழ்த்தலாகாது என்பது இங்கு கருதற்பாலது.

வைத்தியருக்குச் சட்ட உதவி எதற்கு என்பார் உளர். பதிவு பெறாதவர் தம் தொழிலால் ஊதியம் பெறாதவர். கொழும்பு சென்று வழக்காடும் பொருள்வலி வாவிக்கரைக் குடும்பங்கள் பலவற்றிற்கு இல்லை. அவருக்கு உதவுவது தகுதியற்றவரை ஓடத்தில் ஏற்றுவதாகாது. ஏறலாமா, ஆகாதா என்ற மறுமொழியையும் அதற்கான காரணத்தையும் பெற்றுக்கொடுப்பதாகும். அம்மறுமொழி வரும்வரை, வைத்தியரை எதிர்நோக்கிப் படுவான்கரை நோயாளியும் காத்திருக்கின்றார்.