பசிப்பிணியும் புலால் உணவும்





சென்ற பௌர்ணமி வந்தனை முடிந்தபின் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, கறி உண்பதைக் குறைத்தால் உலகில் பட்டினி குறையும் என்கிறார்களே, அது மெய்தானா? மெய்யானால், கறி தின்பவர்கள் என்று நம்மை இத்தனை காலம் இழித்தவர்கள் பக்கம் நியாயம் போய்விடாதா? என் பேரன் பள்ளியில் உண்ணும் முட்டையையும் நிறுத்திவிட வேண்டுமா?" என்று வினவினார். நான் பஞ்சாலையில் உழைத்தவன். கல்லூரி வாயிலை மிதித்தவனல்லன். அன்று அவருக்கு உடனே விடை கூற இயலவில்லை. படித்தும் சிந்தித்தும் கண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பசியைப் பகவான் எவ்வாறு கண்டார் என்பதை முதலில் நினைவு கூர்வோம். ஆளவி நகரில் அறவுரை கேட்க ஆவலுற்ற ஏழை உழவன் ஒருவன் இருந்தான். அன்று அவனுடைய எருது காணாமற்போயிற்று. அதைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, உண்ணாமலேயே அவைக்கு ஓடி வந்தான். ததாகதரோ அவனுக்காகவே போதனையைத் தொடங்காமல் காத்திருந்தார். அவன் வந்ததும், எஞ்சிய உணவை முதலில் அவனுக்கு அளிக்கச் செய்தார். அவன் உண்டு களைப்பாறிய பின்னரே தம்மத்தை உரைத்தார். பிக்குகள் வியந்தனர். பசியைப் பிணிகளுக்கெல்லாம் தலையாய பிணியாகக் கண்டவர் பகவான். பசித்தவன் செவியில் அறம் ஏறாது என்பதையும் அறிந்தவர்.

அப்பிணியால் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் வாடினர் என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. தானியம் விளையாமையா இதற்குக் காரணம்? அன்று. உலகில் ஆண்டுதோறும் 270 கோடி டன்னுக்கு மேல் தானியம் விளைகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மனிதன் வாய்க்குச் செல்லாமல் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீனியாகிறது.

ஆலைத் தொழிலாளிக்கு விளங்கும்படி இதனைக் கூறுகிறேன். புளோரூமிலும் கார்டிங்கிலும் கழிவு போக, நூறு கிலோப் பஞ்சுக்கு 85 கிலோ நூலாவது வந்தால்தான் மேஸ்திரியின் முகம் மலரும். பதினைந்து கிலோ நூலே வந்தால் அந்த ஆலை ஒரு நாளும் ஓடாது. ஆனால் கொட்டிலில் அடைத்துத் தானியம் ஊட்டும் மாட்டின் உடலில் ஒரு கிலோ எடை ஏற ஏறத்தாழ ஏழு கிலோ தீனி வேண்டும். கறிக்கோழிக்கு இரண்டு கிலோ அளவு வேண்டும். தரிசில் மேய்ந்து வைக்கோல் தின்னும் ஆடுமாடுகள் யாருடைய சோற்றையும் பறிப்பதில்லை. தானியத்தைக் கறியாக்கும் பெருந்தொழிலே பறிக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி செலவாகிறது. நம் நாட்டிலோ பத்துக் கிலோவுக்கும் குறைவே. மிகுதியாக உண்போர் குறைத்தால் தானியம் மிஞ்சும்; விலை தணியும். ஆதலின், அம்மையாரின் முதற் கேள்விக்கு விடை: ஆம், உதவும்.

ஆயினும் அது மட்டும் போதுமா? போதாது. குறைவாகவே இறைச்சி உண்ணும் இந்நாட்டில், 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருந்தனர். 1943இல் வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர். அவ்வாண்டின் உணவு, பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைந்ததன்று என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். அரிசி இருந்தது, வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. இன்று அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிசாராயமாகிறது. ஊன் உண்ணாத மோட்டார் வண்டியும் ஏழையின் தானியத்தைத் தின்னத்தான் செய்கிறது!

தீக நிகாயத்தின் சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் பகவான் இதன் வேரைக் காட்டியுள்ளார். அரசன் காவல் செய்தான்; ஆனால் இல்லாதவர்க்குப் பொருள் வழங்கவில்லை. அதனால் வறுமை பெருகிற்று; வறுமையினால் களவும், களவினால் கொலையும் பெருகின. மிஞ்சும் தானியம் ஏழையின் அடுப்பை அடைய நியாயமான கூலியும் பங்கீடும் வேண்டும். அவை இன்றேல், அது வேறொருவன் கிடங்கைத்தான் அடையும்.

இனி, இழிவைப் பற்றி. சங்கத்தார் மீனும் புலாலும் அறவே உண்ணலாகாது என்று விதிக்கும்படி தேவதத்தன் வேண்டியபோது பகவான் மறுத்தார். தனக்காகக் கொல்லப்பட்டது என்று காணாத, கேளாத, ஐயுறாத உணவைப் பிக்கு ஏற்கலாம் என்றார். உயிர்க்கொலையை அவர் ஒப்பினார் என்பதன்று இதன் பொருள்; உண்கலத்தைப் பார்த்து மனிதனை அளக்கவில்லை என்பதே பொருள். மாட்டிறைச்சி தீண்டாமையின் முத்திரையான வரலாற்றைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதார்' என்னும் நூலில் ஆராய்ந்தார். நம்மை இழித்தவர்கள் பசித்தவனுக்காகப் பேசியவர்களல்லர். பிறப்பைக் காக்கப் பேசியவர்கள். ஒருவன் பசித்தவனை நினைத்துத் தன் பங்கைக் குறைப்பது கருணை. பிறன் கலத்தை நோக்கி முகம் சுளிப்பது செருக்கு. இரண்டும் ஒன்றாகா.

2021 டிசம்பரில் கருநாடகத்தின் ஏழு மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். விரும்பாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு என்று இருந்தும் எதிர்த்தனர். மெலிந்த பிள்ளையின் முட்டையைப் பிடுங்குவதால் உலகில் ஒரு பிடி பசியும் தீராது. அம்மையே, உம் பேரன் முட்டை உண்ணட்டும், நன்கு வளரட்டும்.

குறைக்க வேண்டியவர் மிகுதியாக உண்பவரே. நம்மிலும் வசதி பெற்றோர் பெருகியுள்ளனர். திருமண விருந்தில் நான்கு வகைக் கறி சமைத்து, பாதியை இலையோடு எறிவதையும் காண்கிறேன். பசியறிந்த குலத்தார் நாம். நாம் இது செய்யலாமா?

ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். இயன்றவர்கள் பௌர்ணமி உபோசத நாளில் புலால் தவிர்த்து, அதற்காகும் பணத்தை விகாரையின் உண்டியலில் இடுங்கள். அப்பணத்தால் வேலையிழந்த ஒரு வீட்டிற்காவது அரிசியும் பருப்பும் சேரட்டும். இயலாதவர் வெட்கப்பட வேண்டா. அத்துடன், கூலி உயரவும் பங்கீட்டுக் கடையில் அளவு குறையாதிருக்கவும் குரல் கொடுங்கள். அதுவும் தானமே.

உயிர்கள் யாவும் பசி நீங்கி வாழ்க!

சாது! சாது! சாது!