வடம் அறும் தூரம்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கேப் யார்க் தீபகற்பத்தில், 1880களில் தந்திக் கம்பி இழுப்பதற்காகக் காட்டை வெட்டிப் போட்ட தடம் ஒன்று உண்டு. ஓல்டு டெலிகிராஃப் டிராக் என்று பெயர். தந்தி போய்ப் பல காலம் ஆகிறது. பிராம்வெல் சந்திப்பிலிருந்து வடக்கே ஓடைகளில் இறங்கி ஏறும் மண்பாதைதான் மிச்சம். மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்ததும் ஹைலக்ஸ்களும் லேண்ட் க்ரூஸர்களும் குடும்பத்தையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு அங்கே வருகின்றன. பாம் கிரீக்கின் களிமண் கரையில் ஒரு வண்டி வழுக்கி உட்கார்ந்துவிட்டால் அதை எடுக்க வேண்டியவர்கள் அதில் வந்தவர்களும் பின்னால் வருகிறவர்களும்தான். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர் தன் வண்டிக்கு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்த வின்சைப் பூட்டுகிறார், அதில் எந்தக் கயிற்றைச் சுற்றுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயமாக நின்றுவிடுவதில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வழக்கமான கணக்கு எளிது. சுமையோடு சேர்ந்த வண்டியின் மொத்த எடையை ஒன்றரையால் பெருக்கி, அந்த அளவு இழுவைத் திறன் உள்ள வின்சை வாங்க வேண்டும். ஹைலக்ஸ் போன்ற வண்டி முழுச் சுமையோடு சுமார் மூன்று டன். ஒன்றரை மடங்கு நாலரை டன். வின்ச் வியாபாரம் இன்றும் பவுண்டில்தான் நடக்கிறது என்பதால் கிட்டத்தட்ட 10,000 பவுண்டு. கடையில் 9,500 போதுமா, 12,000 வேண்டுமா என்று கேட்பார்கள். 12,000 என்பேன். அந்த எண் எப்போது உண்மை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

வின்சின் டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைக்கும் இழுவையைத்தான் பெட்டியில் அச்சிடுகிறார்கள். மோட்டாரும் பற்சக்கரங்களும் தருவது முறுக்குவிசை. கயிறு மேலே மேலே சுற்றிக்கொள்ளும்போது டிரம்மின் ஆரம் கூடுகிறது, இழுவை குறைகிறது. நான்காம் அடுக்கில் அச்சிட்ட எண்ணின் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாமல் போகலாம். கயிற்றை மாட்டும் மரம் கிட்டத்தில் இருந்தால் கயிற்றின் பெரும்பகுதி டிரம்மிலேயே கிடக்கும். வின்ச் மிகவும் பலவீனமாக இருப்பது அப்போதுதான். இன்னொரு பக்கம் சேறு. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: சக்கரம் வரை புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான எதிர்ப்பு, மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு, கேபின் வரை போனால் மூன்று மடங்கு. மட்கார்டு வரை புதைந்த மூன்று டன் வண்டிக்கு ஆறு டன் இழுவை வேண்டும். ஒன்றரை மடங்கு விதி அங்கே செல்லாது. ஆகவே முதலில் மண்வெட்டி, அடுத்தது கப்பி. சக்கரத்துக்கு முன்னால் அரைமணி நேரம் தோண்டுவது குறைத்துத் தரும் எதிர்ப்பை எந்த வின்சாலும் ஈடுசெய்ய முடியாது. கயிற்றை மரத்தில் கட்டிய கப்பி வழியாகக் கொண்டுபோய் மறுபடி வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும், கூடுதல் கயிறு வெளியே வருவதால் டிரம்மின் அடுக்கும் குறையும். மரத்தின் மேல் விழும் பாரமும் கூடவே இரட்டிப்பாகிறது. மரத்தைச் சுற்றும் பட்டையும் அதைக் கப்பியோடு இணைக்கும் ஷாக்கிளும் அந்தப் பாரத்துக்குத் தாங்குமா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

முழு இழுவையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆல்டர்னேட்டர் அதில் ஒரு பங்கைத்தான் தரும், மீதி பேட்டரியிலிருந்து போகிறது. நல்ல பேட்டரி வேண்டும், இடையிடையே நிறுத்தி மோட்டாரை ஆறவிட வேண்டும். அவ்வளவுதான்.

கயிற்றின் கதை வேறு. எஃகு வடம் பழைய, நம்பகமான பொருள். பாறையில் உரசினாலும் பொறுக்கும், வெயிலுக்கு அஞ்சாது, மோட்டார் சூட்டைப் பொருட்படுத்தாது. ஆனால் ஒருமுறை முறுக்கி மடிந்தால் அந்த இடம் நிரந்தரமாகப் பலவீனமாகிவிடும். அறுந்த இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கிழிக்கும்; தோல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. 1990இல் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் டைனீமா என்ற பாலிஎதிலீன் நாரை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அந்த நாரில் பின்னிய கயிறு தண்ணீரில் மிதக்கும். ஒன்பதரை மில்லிமீட்டர் எஃகு வடம் 28 மீட்டருக்குச் சுமார் பத்து கிலோ எடை. அதே பருமனுள்ள நார்க் கயிறு இரண்டு கிலோ அளவுதான், அறுபடும் பலமோ எஃகைவிட அதிகம். அறுந்தால் காட்டிலேயே பின்னிச் சேர்க்கலாம்.

அதன் பகைகளும் தெளிவானவை. 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உருகிவிடும்; 70 டிகிரியைத் தாண்டினாலே பலம் குறையத் தொடங்கும். பல வின்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு மெல்ல இறக்கினால் அந்த பிரேக் கொதிக்கும், முதல் அடுக்குக் கயிறு அதன்மேல் படிந்து கிடக்கும். தந்தித் தடத்தின் கன்ஷாட் கிரீக் போன்ற செங்குத்து இறக்கத்தில் இதை மறக்கக்கூடாது. சேற்றுத் துகள் பின்னலுக்குள் புகுந்து உள்ளிருந்தே நாரை அறுக்கும், வெயில் மேல்நாரை மக்கச் செய்யும். அலசிக் காயவைத்து மூடி வைக்க மனமில்லாதவருக்கு நார்க் கயிறு வேண்டாம். வாங்குகிறவர் எஃகு வடம் உரசிச் சொரசொரப்பான பழைய உருளை வழிகாட்டியைக் கழற்றிவிட்டு வழவழப்பான அலுமினிய வழிகாட்டியைப் பூட்ட வேண்டும்.

இழுத்துப் பிடித்த எஃகு வடம் சற்று நீண்டு, அந்த நீட்சியில் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. அறுந்த நொடியில் அத்தனையும் பத்து கிலோ உலோகத்தின் வீச்சாக மாறும். நார்க் கயிறு மிகவும் லேசானது. அறுந்தால் பெரும்பாலும் சீக்கிரமே தரையில் விழுகிறது. நான் நார்க் கயிற்றின் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் “இது பாதுகாப்பான கயிறு” என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கயிறு அறாமல் அது மாட்டிய இடம் பிய்ந்துகொண்டால் இரும்புத் துண்டு ஒன்று கயிற்றோடு சேர்ந்து பறந்து வரும். டிரெய்லர் மாட்டும் டோ பாலில் பட்டையை மாட்டி இழுத்து, அது முறிந்து பறந்து, ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அந்தப் பந்து டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளச் செய்தது, புதைந்த வண்டியைப் பிடுங்கச் செய்தது அல்ல.

எனவே பணத்தைப் பங்கிடும் வரிசையை மாற்றச் சொல்வேன். சேஸியில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை குறித்த மீட்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் முதலில். பிறகு கப்பி, மரப்பட்டை, இரும்பு ஷாக்கிளுக்குப் பதிலாக நாரில் பின்னிய மென்ஷாக்கிள், அறுந்தால் வீச்சைத் தணிக்கக் கயிற்றின் நடுவில் போட ஒரு கனத்த விரிப்பு. மிச்சப் பணத்துக்கு எந்த வின்ச் வருகிறதோ அது. எஃகு வடமானால் ஐந்து சுற்றாவது, நார்க் கயிறானால் எட்டுப் பத்துச் சுற்றாவது டிரம்மில் எப்போதும் விட்டுவைக்க வேண்டும்.

கன்ஷாட்டின் கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். கைப்பேசியில் படம் எடுக்கக் குழந்தைகளும் முன்னால் வந்து நிற்பார்கள். நம் வின்சை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நம் கயிற்றின் வயதும் அவர்களுக்குத் தெரியாது. வெளியே எடுத்த கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அவர்கள் நகரும்வரை ரிமோட் கையில் இருப்பவர் பொத்தானை அழுத்தக் கூடாது. நகர மறுத்தால் வண்டி சேற்றிலேயே கிடக்கட்டும்.