கையுங் கருத்தும்

ஒருவன் ஒரு தொழிலைச் செய்யுமிடத்துத் தவறுவானாயின், அத்தவறு அவன் கருத்தின் குற்றமேயென்று உலகத்தார் பெரும்பாலுங் கொள்வர். எழுத்துக் கோணினாற் கவனமின்மை என்பர்; கிண்ணங் கைதவறி வீழ்ந்தால் அசட்டை என்பர்; நடை தள்ளாடினால் மதுமயக்கம் என்பர். கருதியவாறே கை செய்யும் என்னுந் துணிபே இத்தீர்ப்புக்கள் அனைத்திற்கும் அடிப்படையாம். அத்துணிபு முற்றும் உண்மைதானோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வாசகர் தங் கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையை நீட்டிப் பின் மடக்கிச் சுட்டுவிரலால் மூக்கு நுனியைத் தொடுவாராக. காணாதிருந்தும் விரல் வழிதவறாது சென்று சேரும். அதற்கு வழிகாட்டியது யாது? மெய் வாய் கண் மூக்குச் செவி என எண்ணுமிடத்து மெய்யை முதற்கண் வைத்தல் நம் வழக்கு. தொல்காப்பியமும் உற்றறிதலை ஓரறிவுயிர்க்கும் உரிய அறிவாகக் கூறிற்று. அம்மெய்யறிவு இருபாற்படும். தோலிற் படுவதை அறிதல் ஒன்று. தன் உறுப்பு எவ்விடத்து எந்நிலையிலுள்ளது என்று அறிதல் மற்றொன்று. இப்பின்னதற்கு இங்கிலாந்தின் உடலியலறிஞர் சார்ள்ஸ் சேர்ரிங்டன் 1906ஆம் ஆண்டிலே தனிப்பெயர் இட்டனர். யாம் இதனை நிலையுணர்வு என்பாம்.

தசைகளினுள்ளே, நூல் நூற்குங் கதிர் போன்ற வடிவினவாய நுண்ணுறுப்புக்கள் உள. தசை நீளுந்தோறும் அவை செய்தி எழுப்பும். தசையை எலும்போடு பிணிக்கும் நாண்களிலும், மூட்டுக்களிலும், தோலிலும் அத்தகையன வேறு பலவுள. அச்செய்தியைத் தாங்கிய நரம்புநார் முள்ளந்தண்டினுள்ளிருக்கும் முண்ணாணிற் புகுந்து, அதன் பின்புறப் பத்தியின் வழியே, தான் புகுந்த பக்கத்தாலேயே மேலேறும். மூளையின் அடித்தண்டை அடைந்த பின்னரே செய்தி முதன்முறை வேறொரு நரம்பின் கையில் ஒப்படைக்கப்படும். அந்நரம்பு எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, தலாமசு என்னும் நடுவிடத்தை அடையும். அங்கிருந்து மூன்றாவது நரம்பு அதனை மூளையின் புறணிக்குக் கொண்டுசெல்லும். ஆதலின் வலக்கையின் நிலையை அறிவது இடமூளையாம். வேறொரு கிளைவழியாற் சிறுமூளைக்குஞ் செய்தி செல்லும். தசைக்கதிரினின்று வரும் விரைந்த நார்களிற் செய்தியின் கதி செக்கனுக்கு 80 முதல் 120 மீற்றர் வரையாம்.

இனி, நோவும் வெப்பமும் செல்லும் நெறி வேறு. அவற்றைத் தாங்கிய நார்கள் மெல்லியன. முண்ணாணிற் புகுந்த இடத்துக்கு அணித்தாகவே செய்தியை ஒப்படைப்பன. அச்செய்தி அங்கேயே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, பிறிதொரு பத்தியால் மேலேறும். இக்காரணத்தால், முண்ணாணின் ஒரு பாதி மாத்திரம் வெட்டுண்டார்க்கு, வெட்டுண்ட பக்கத்தே நிலையுணர்வும், மறுபக்கத்தே நோவும் வெப்பமும் கெடக் காண்கின்றோம். பிரௌன் செக்கார் என்னும் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே இதனை விளக்கினர். எனவே, சுடுவதை நன்குணருங் கை தான் இருக்குமிடத்தை அறியாதிருத்தலுங் கூடும் என்க.

இங்ஙனம் நேர்ந்தமைக்கு மெய்யான சான்று உண்டு. அயன் வாட்டர்மன் என்பார் 1971ஆம் ஆண்டில், தமது 19ஆம் வயதில், ஒரு காய்ச்சலின் பின்னர்க் கழுத்துக்குக் கீழே தொடுகையுணர்வையும் நிலையுணர்வையும் ஒருங்கே இழந்தார். தசையை ஏவும் நரம்புகள் கெடவில்லை. நோவுணரும் நரம்புகளுங் கெடவில்லை. ஆயினும் அவரால் எழுந்திருக்கவும் இயலவில்லை. பின்னர் அவர் ஒவ்வோர் அசைவையும் முன்னே எண்ணி, அசையும் உறுப்பைக் கண்ணால் நோக்கி நோக்கி, இருக்கவும் உண்ணவும் நடக்கவும் பல மாதங்கள் முயன்று கற்றார். விளக்கணைந்து இருள் சூழின் அவர் வீழ்ந்துவிடுவார். யோனதன் கோல் என்னும் மருத்துவர் 1991இல் இவர் சரிதத்தை நூலாக வெளியிட்டனர். பிறவியிலேயே இக்குறையுடையாரும் உளர். தொடுகைக்கும் நிலையுணர்வுக்கும் வேண்டிய ஒரு புரதம் பிறவியிலேயே தொழிற்படாத இருவரை அமெரிக்க ஆய்வாளர் பரிசோதித்து 2016இல் எழுதினர். கண்களைக் கட்டியவுடன் அவ்விருவர்க்கும் நடத்தல் மிக அரிதாயிற்று. அவருள் ஒருவர் சிறுமி.

இதனைப் படித்த அன்று, யாம் ஆசிரியத் தொழில் தொடங்கிய காலத்து எம் வகுப்பிலிருந்த ஒரு சிறுவன் நினைவில் வந்தான். அவன் எழுத்துக் கோட்டில் நில்லாது. எழுதுகோல் அடிக்கடி கைநழுவி வீழும். சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்தன்றிப் பூட்டமாட்டான். யாம் அதனை மடியென்று துணிந்து பிரம்பெடுத்தோம். அடியின் நோவை அவன் கை நன்றாகவே உணர்ந்தது, கண்ணீர் விட்டான். அக்கை நலமுடையதே என்பதற்கு அக்கண்ணீரையே சான்றாகக் கொண்டோம். நோவு செல்லும் நெறி வேறு, நிலையுணர்வு செல்லும் நெறி வேறு என்பதை அன்று அறிந்திலேம். அவன் குறை இதுவேயென்று இன்றுந் துணியோம். ஆயின், அவன் கருத்தின் குற்றமன்றிப் பிறிதொரு காரணமும் இருத்தல் கூடும் என்று ஒருகாலும் எண்ணிப் பார்த்திலேம். அஃது எம் குற்றமேயன்றி அவன் குற்றமன்று.

அற்றேல், எத்தவற்றையும் நரம்பின்மேல் ஏற்றி எவரையும் முயற்சியினின்று விடுவிக்கலாமோ எனின், அன்று. வாட்டர்மன் என்பாரை மீட்டும் நடக்கச் செய்தது அவருடைய முயற்சியே. ஆயின் அம்முயற்சியின் அளவு அவர் நடையிற் காணப்படவில்லை. பிறர் எண்ணாமலே வைக்கும் ஓரடியை அவர் முழுக்கருத்தும் செலுத்தி வைத்தார். அதனைத் தெருவிற் கண்டார் செம்மையற்ற நடையென்றே எண்ணியிருப்பர். ஆகவே, செயலின் செம்மையைக் கொண்டு முயற்சியை அளத்தல் தவறு. செம்மையாக எழுதுஞ் சிறுவன் சிறிதும் முயலாதிருத்தல் கூடும். கோணலாக எழுதுஞ் சிறுவன் தன் ஆற்றல் முழுவதையுஞ் செலவிட்டிருத்தல் கூடும்.

கருத்துக்குங் கைக்கும் இடையே நாம் அமைக்காத, நாம் காவாத ஒரு நெடுவழி உண்டு. அது செவ்வனே இருப்பது நம் புண்ணியமன்று. பிறர்க்கு அது கெட்டிருப்பது அவர் பாவமுமன்று. ஆதலின் ஆசிரியராயினும் பெற்றோராயினும், ஒரு பிள்ளையின் கையைக் கண்டிக்குமுன், கண்ணை மூடி மூக்கைத் தொடுமாறு அன்போடு ஒருமுறை சொல்லிப் பார்ப்பாராக. விரல் வழிதவறுமாயின், பிரம்பை வைத்துவிட்டு மருத்துவரை நாடுக.